கையொப்பமிடும் முன் ஒரு கேள்வி: பிள்ளைகளின் பாடத் தெரிவும் தாய்மாரும்

கல்வி என்பது எம் சமூகம் தன் உயிருக்கு அடுத்ததாகக் காத்து வந்த சொத்து. வீடும் வயலும் தோட்டமும் விட்டு ஓடிய காலத்திலும் பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிய தாய்மார் எத்தனையோ பேர். 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் நலன்புரி நிலையங்களிலிருந்தும் மாணவர்கள் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள் என்பதை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அவ்வாறு காத்த கல்வி இன்று எமது பிள்ளைகளின் கைகளில் உள்ளது. ஆனால் அந்தக் கல்வியின் பாதை எந்த இடத்தில் பிரிகின்றது, எந்தப் பாதை எங்கே போய்ச் சேர்கின்றது என்பது பற்றி எமது தாய்மாரிடம் எவரும் விரிவாகப் பேசுவதில்லை.

தரம் 9 முடியும் காலத்தில் பாடசாலையிலிருந்து ஒரு படிவம் வீட்டுக்கு வருகின்றது. சாதாரண தரப் பெறுபேறு வந்த பின்னர் இன்னொரு படிவம் வருகின்றது. பிள்ளை தெரிவு செய்யும் பாடங்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். அடியில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்" என்று ஒரு கோடு இருக்கும். கிராமங்களில் வேலை செய்யும்போது இந்தக் கோட்டைப் பற்றி நான் தாய்மாரிடம் கேட்பதுண்டு. "நானே எட்டாம் வகுப்போட நிண்டனான். எனக்கென்ன தெரியும் தங்கச்சி? பிள்ளை காட்டின இடத்தில கையெழுத்து வைச்சன்" என்பதே அதிகம் கேட்ட பதிலாகும்.

இப்பதில் அறியாமையினால் வருவதல்ல. இன்று பதினைந்து வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பல தாய்மாரின் சொந்தக் கல்வி இடப்பெயர்வுகளால் துண்டு துண்டாக உடைந்தது. சிலர் மரநிழலில் படித்தார்கள். சிலர் பாதுகாப்புக்காகப் பதினாறு, பதினேழு வயதில் திருமணம் செய்து வைக்கப்பட்டார்கள். தாம் ஏறாத படியைப் பற்றித் தமக்குப் பேச உரிமை இல்லை என்று அவர்கள் நினைக்கின்றனர். இக்கட்டுரை சொல்ல விரும்புவது ஒன்றுதான். பாடத் தெரிவில் பேசுவதற்குப் பட்டம் தேவையில்லை. சரியான கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

இரண்டு சந்திகள்

பிள்ளையின் கல்விப் பாதையில் இரண்டு சந்திகள் உள்ளன. முதலாவது தரம் 10இன் ஆரம்பம். இரண்டாவது க.பொ.த. சாதாரண தரத்தின் பின் உயர்தரத்தில் சேரும் நேரம். இவ்விரண்டும் ஒன்றல்ல. முதற் சந்தியில் எடுக்கும் பெரும்பாலான முடிவுகளைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது சந்தியில் எடுக்கும் முடிவைத் திருத்துவதற்குக் காலமும் காசும் செலவாகும். எனவே எந்தச் சந்தியில் எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

தரம் 10: மூன்று தொகுதிப் பாடங்கள்

இன்று சாதாரண தரத்தில் பிள்ளை ஒன்பது பாடங்களுக்குத் தோற்றுகின்றது. அவற்றில் ஆறு எல்லோருக்கும் பொதுவானவை: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மிகுதி மூன்றும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யப்படுகின்றன.

முதலாம் தொகுதியில் வணிகக் கல்வியும் கணக்கீடும், புவியியல், குடியியற் கல்வி, இரண்டாம் மொழி சிங்களம் போன்றவை உள்ளன. இரண்டாம் தொகுதியில் சித்திரம், கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம் முதலியவை உள்ளன. மூன்றாம் தொகுதியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும் முதலியவை உள்ளன. இவை எல்லாம் எல்லாப் பாடசாலைகளிலும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆசிரியர் இருக்கும் பாடங்களையே பாடசாலை வழங்க முடியும்.

இங்கு தாய்மார் பயப்படும் விடயம், "இந்தப் பாடத்தை விட்டால் பிள்ளை பிறகு டொக்டராக வர முடியாதோ, கணக்காளராக வர முடியாதோ" என்பதாகும். உண்மையில் உயர்தரக் கதவைத் திறப்பவையும் பூட்டுபவையும் பெரும்பாலும் தொகுதிப் பாடங்கள் அல்ல. தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகிய பொதுப் பாடங்களே. கணிதத்தில் பின்தங்கும் பிள்ளைக்கு எந்தத் தொகுதிப் பாடத்தைத் தேர்ந்து கொடுத்தாலும் அந்தக் குறை தீராது. ஆகவே தரம் 10இல் வீட்டில் நடக்க வேண்டிய முதற் பேச்சு, "எந்தத் தொகுதிப் பாடம்?" என்பதல்ல, "கணிதத்தில் இந்தத் தவணை எத்தனை புள்ளி?" என்பதே.

அப்படியானால் தொகுதிப் பாடங்களால் பயன் என்ன? இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, சாதாரண தரத்தில் 50 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றால் கிடைக்கும் திறமைச் சித்தி. உயர்தரத்தில் சேர இத்தகைய சித்திகள் கணக்கிலெடுக்கப்படுகின்றன. பிள்ளை விரும்பிப் படிக்கும் பாடத்தில் அதைப் பெறுவது இலகு. மற்றது, கையில் தங்கும் ஒரு திறன். நடனம், சங்கீதம் போன்ற பாடங்களை உயர்தரத்தில் புதிதாகத் தொடங்குவது கடினம். எனவே அத்துறையில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளைக்கு மட்டும் இத்தெரிவு இப்போதே முக்கியமானதாகின்றது.

இரண்டாம் மொழி சிங்களம் பற்றியும் ஒரு வார்த்தை. "அந்த மொழியைக் கேட்டாலே எனக்குச் சோதனைச் சாவடிதான் ஞாபகம் வருது. என்ர பிள்ளை அதைப் படிக்க வேண்டாம்" என்று ஒரு தாய் சொன்னார். அவர் பட்ட துன்பத்தை அறிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆயினும் ஒரு நடைமுறை உண்மையை அவருக்குச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. 2007 யூலை 1ஆம் திகதிக்குப் பின்னர் அரச சேவையில் சேர்ந்தவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தமிழ் பேசும் உத்தியோகத்தருக்கு அது சிங்களம். சிங்களம் பேசுபவருக்கு அது தமிழ். பிரதேச செயலகத்திலோ வைத்தியசாலையிலோ வேலை செய்ய விரும்பும் பிள்ளை இம்மொழியைப் பதினைந்து வயதில் படிப்பது முப்பது வயதில் படிப்பதை விட இலகுவானது. கட்டாயம் இல்லை. ஆனால் தாயின் காயம் பிள்ளையின் தெரிவாக மாறிவிடக் கூடாது என்பதையும் யோசிக்க வேண்டும். அந்தத் தாய் இறுதியில், "அவளையே கேட்டுப் பாக்கிறன்" என்றார். அதுவே போதுமானது.

உயர்தரம்: மூன்று பாடங்கள், ஒரு திசை

உயர்தரத்தில் பிள்ளை மூன்று பிரதான பாடங்களைப் படிக்கின்றது. முன்னர் நான்காக இருந்தவை 2000ஆம் ஆண்டிலிருந்து மூன்றாக்கப்பட்டன. இவற்றுடன் பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும் உண்டு. பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி பெறாதவர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மூன்று பாடங்களில் முழுக் கவனத்தையும் வைத்துவிட்டு இதனைக் கைவிடும் பிள்ளைகள் இருக்கின்றார்கள். இதையும் தாய்மார் நினைவூட்ட வேண்டும்.

உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் எனப்படும் கணிதப் பிரிவு, வணிகம், கலை, தொழினுட்பம் என்பன பிரதான பிரிவுகள். தொழினுட்பப் பிரிவு 2013இல் ஆரம்பிக்கப்பட்டது. அதில் பொறியியல் தொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம் என இரு வழிகள் உள்ளன. எம் காலத்தில் இல்லாத பிரிவு என்பதால் பல தாய்மாருக்கு இது இருப்பதே தெரியாது. "தொழினுட்பம் எண்டால் மோட்டச்சைக்கிள் திருத்திற வேலைதானே" என்று ஒரு தகப்பன் கேட்டார். இப்பிரிவிலிருந்து தொழினுட்பப் பட்டப்படிப்புக்குச் செல்லலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இயங்குகின்றது.

ஒரு பிரிவுக்குள்ளேயே ஒரு பாடத்தை மாற்றுவதும் ஒரு கதவைப் பூட்டிவிடக் கூடும். உயிரியல் பிரிவில் பௌதிகவியல் கடினம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளை மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அங்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். கணிதப் பிரிவில் இரசாயனவியலை விட்டுத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுப்பவருக்குக் கணினித் துறை திறந்திருக்கும். ஆனால் வழமையான பொறியியல் பட்டப்படிப்புக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் தேவை. இம்மாற்றங்கள் பிழையானவை அல்ல. தெரிந்து செய்தால் நல்ல தெரிவு. தெரியாமல் செய்தால் இரண்டு வருடம் கழித்து வரும் ஏமாற்றம்.

மறுபுறம், பூட்டியிருப்பதாக நாம் நினைக்கும் சில கதவுகள் உண்மையில் திறந்தே உள்ளன. காணாமல் ஆக்கப்பட்ட தந்தையின் மகள் ஒருத்தி சட்டம் படிக்க விரும்பினாள். கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக வரும் பிள்ளை அவள். சட்டம் படிக்கக் கலைப் பிரிவுக்கே போக வேண்டும் என்று அயலில் சொன்னார்களாம். சட்டக் கற்கைக்கு எந்தப் பிரிவில் படித்தவரும் போதிய புள்ளி இருந்தால் விண்ணப்பிக்கலாம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் அது உண்டு. அதேபோல் உயிரியல் பிரிவு என்றால் மருத்துவம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதும் பிழையான எண்ணம். தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் போன்ற பயிற்சிகளுக்கும் விஞ்ஞானப் பாடங்களில் பெற்ற சித்தி பயன்படுகின்றது.

வெளிநாட்டுக் காசும் உள்ளூர்ப் பிள்ளையும்

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் முடிவெடுப்பது யார் என்ற கேள்வி பாடத் தெரிவிலும் எழுகின்றது. கணவனை இழந்த ஒரு தாயின் மகளுக்குச் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சாதாரண சித்தி. தமிழ், வரலாறு, புவியியல் ஆகியவற்றில் உயர் சித்தி. "தம்பிதான் கனடாவில இருந்து காசு அனுப்புறான். டொக்டருக்குப் படிக்க வையுங்கோ எண்டு நிக்கிறான். நான் என்னெண்டு வேண்டாமெண்டு சொல்றது?" என்றார் தாய். மாமனின் ஆசையில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. தான் பெறாததைத் தமக்கையின் பிள்ளை பெற வேண்டும் என்ற அன்பு அது. ஆனால் பரீட்சை எழுதுவது மாமன் அல்ல.

அந்தப் பிள்ளை உயிரியல் பிரிவில் சேர்ந்தாள். பாடசாலையில் பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. கிழமையில் நான்கு நாள் தனியார் வகுப்பு. இரண்டாம் தவணையில் அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பின்னர் பாடசாலைக்குப் போவதையும் குறைத்தாள். அடுத்த வருடம் கலைப் பிரிவில் தன்னிலும் இளைய பிள்ளைகளுடன் மீண்டும் சேர்ந்தாள். இன்று புவியியலில் வகுப்பில் முன்னணியில் இருக்கின்றாள் என்பது ஆறுதல். ஆனால் ஒரு வருடமும், அதைவிட முக்கியமாகத் தன்மீது அவள் வைத்திருந்த நம்பிக்கையில் ஒரு பகுதியும் செலவாகிவிட்டன.

இதற்கு நேர்மாறான அநியாயமும் நடக்கின்றது. கணிதத்தில் உயர் சித்தி பெற்ற பெண் பிள்ளைகள், அருகிலுள்ள பாடசாலையில் கலைப் பிரிவு மட்டுமே இருப்பதால் கலைப் பிரிவுக்கு அனுப்பப்படுகின்றார்கள். எமது கிராமங்களில் பல பாடசாலைகள் தரம் 11 வரை மட்டுமே கொண்டவை. இன்னும் பல 1சி வகையைச் சேர்ந்தவை. அவற்றில் கலையும் வணிகமும் இருக்கும், விஞ்ஞானப் பிரிவு இராது. விஞ்ஞானம் உள்ள 1ஏபி பாடசாலை பத்து, பதினைந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கும். அதே வீட்டில் மகன் என்றால் சைக்கிளோ பஸ்ஸோ பிடித்துப் போகின்றான். மகள் என்றால், "பொழுதுபட்டு வாறதுக்கு ஆர் பொறுப்பு?" என்ற கேள்வி வருகின்றது.

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. ஆளில்லாத தெருக்களையும் பற்றைக் காணிகளையும் கடந்து போகும் பிள்ளையைப் பற்றி எந்தத் தாயும் அஞ்சவே செய்வாள். ஆனால் அந்தப் பயத்துக்குத் தீர்வு பிள்ளையின் பாடத்தை மாற்றுவது மட்டும்தானா? ஒரு கிராமத்தில் நான்கு தாய்மார் சேர்ந்து, ஒரே பாடசாலைக்குப் போகும் தமது பிள்ளைகளை ஒன்றாக அனுப்பினார்கள். மாலை வகுப்பு முடியும் நாட்களில் முறை வைத்து ஒருவர் பஸ் தரிப்பிடத்துக்குப் போய் அழைத்து வந்தார்கள். இன்னொரு தாய் விடுதி வசதியுள்ள பாடசாலையை அதிபரிடம் கேட்டு அறிந்துகொண்டார். கலைப் பிரிவு தாழ்ந்ததல்ல. அதை விரும்பி எடுக்கும் பிள்ளை நன்றாகவே வருகின்றது. தூரத்தின் பொருட்டு ஒரு பெண் பிள்ளையின் கணிதத்தைக் கைவிடச் செய்வதுதான் அநியாயம்.

வெட்டுப்புள்ளியும் மாவட்டமும்

பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகின்றது. பிள்ளை பெற்ற புள்ளியை அதே பாடத்துக்குத் தோற்றிய ஏனையோரின் புள்ளிகளுடன் ஒப்பிட்டுக் கணிக்கப்படுவதே அது. மருத்துவம், பொறியியல் போன்ற பல கற்கைகளுக்கு இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்பன இந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கியவை. கலைப் பிரிவுக்கான அனுமதி பெரும்பாலும் நாடு முழுவதற்குமான திறமை வரிசையிலேயே நடைபெறுகின்றது.

இதைத் தாய்மார் ஏன் அறிந்திருக்க வேண்டும்? சாதாரண தரம் முடிந்ததும் வன்னியிலிருந்து பிள்ளையை யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைக்கு மாற்றும் வழக்கம் பரவி வருகின்றது. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்தில் கற்றது என்பது அனுமதியின்போது கவனிக்கப்படும் விடயமாகும். மாறுவது நன்மையா தீமையா என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். ஆனால் பெயருக்காக மாற்றுவதற்கு முன்னர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாந்தம் தமிழிலும் வெளியிடும் கைநூலைப் பாடசாலையில் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் கற்கைக்கு எந்த மூன்று பாடங்கள் வேண்டும், சென்ற முறை எந்த மாவட்டத்துக்கு என்ன வெட்டுப்புள்ளி என்பவை அதில் உள்ளன. வாசிக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் விளங்கும்.

செலவையும் பேசுவோம்

இலவசக் கல்வி என்பது எமக்குக் கிடைத்த பெரும் வரம். ஆயினும் தரம் 11 வரை இலவசமாகக் கிடைத்த பாடநூல்கள் உயர்தரத்தில் அவ்வாறு கிடைப்பதில்லை. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் தனியார் வகுப்புச் செலவும் பெரும்பாலும் சேர்ந்து வருகின்றது. தையலிலும் கோழி வளர்ப்பிலும் வரும் வருமானத்தில் இதனைச் சமாளிப்பது இலகுவல்ல. இதைப் பிள்ளையிடம் மறைப்பதால் பயனில்லை. "உன்னால்தான் கடன்" என்று குற்றம் சுமத்தவும் வேண்டாம். "மாதம் இவ்வளவுதான் எங்களால் முடியும், அதற்குள் எப்படிச் செய்யலாம்?" என்று வெளிப்படையாகப் பேசுவதே நல்லது. உயர்தர மாணவருக்கான புலமைப்பரிசில்கள் பற்றி அதிபரிடமும், வலயக் கல்வி அலுவலகத்திலும், பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். பல்கலைக்கழகம் சென்றால் மகாபொல போன்ற உதவிகள் உண்டு. "காசில்லை" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிரிவை விடுவதற்கு முன்னர் இவ்விடங்களில் கேட்டுப் பார்த்தாயிற்றா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சித்தியடையாத பிள்ளை

சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறிய பிள்ளை வீட்டில் ஒரு மூலையில் ஒதுங்கிவிடுகின்றது. ஆண் பிள்ளை என்றால் கூலி வேலைக்கும், பெண் பிள்ளை என்றால் கலியாணப் பேச்சுக்கும் வழி திறக்கின்றது. இவ்விடத்திலேயே தாய்மார் உறுதியாக நிற்க வேண்டும். பரீட்சையை மீண்டும் எழுதலாம். அதைவிட, 2017இல் ஆரம்பிக்கப்பட்ட 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் கீழ், சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற் பாடப் பிரிவில் தொடர்ந்து படிக்கலாம். உங்கள் வலயத்தில் எந்தப் பாடசாலையில் இப்பிரிவு உள்ளது, எந்தத் தொழிற் பாடங்கள் உள்ளன என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் அறியலாம்.

பாடசாலைக்கு வெளியே தொழினுட்பக் கல்லூரிகளும் தொழிற் பயிற்சி நிலையங்களும் உள்ளன. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற் பயிற்சி நிறுவகம் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளது. இங்கெல்லாம் முக்கியமாகக் கேட்க வேண்டியது, "இந்தப் பயிற்சிக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா? எந்த மட்டம்?" என்பதாகும். என்.வி.கியூ. எனப்படும் இச்சான்றிதழ் ஏழு மட்டங்கள் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். அச்சான்றிதழ் இல்லாத பயிற்சிக்குக் காசு கட்டி ஏமாந்தவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள்.

பாடசாலைக்குப் போகும்போது

படிவத்தில் கையொப்பமிடும் முன்னர் ஒரு நாள் பாடசாலைக்குச் செல்லுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் இன்னொரு தாயையும் கூட்டிச் செல்லுங்கள். பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

1. இப்பாடசாலையில் இந்த மூன்று பாடங்களுக்கும் இப்போது ஆசிரியர் இருக்கின்றாரா? இடமாற்றம் எதிர்பார்க்கப்படுகின்றதா?

2. கடந்த சில வருடங்களில் இப்பாடத்துக்குத் தோற்றிய பிள்ளைகளில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள்?

3. எனது பிள்ளையின் கடைசி மூன்று தவணைப் புள்ளிகளைப் பார்த்தால், பாட ஆசிரியராக நீங்கள் என்ன சொல்வீர்கள்?

4. இந்த மூன்று பாடங்களோடு எந்தெந்தப் படிப்புக்குப் போகலாம்? எவற்றுக்குப் போக முடியாது?

5. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் இப்பாடங்களால் வேறு என்ன வழி உண்டு? கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியுமா?

6. சேர்ந்த பின் கடினமாக இருந்தால் எவ்வளவு காலத்துக்குள் மாற்றலாம்?

7. இந்தப் பிரிவில் சேர இப்போது நடைமுறையிலுள்ள சுற்றறிக்கை கேட்கும் குறைந்தபட்சச் சித்திகள் எவை?

ஏழாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். விதிகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. மூத்த பிள்ளைக்கு இருந்த விதி இளைய பிள்ளைக்கு இருக்க வேண்டும் என்பதில்லை.

வீட்டில் பிள்ளையிடம் கேட்க வேண்டியது வேறு. "என்ன வரப் போறாய்?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் நாம் விரும்பும் பதிலையே தருவார்கள். "எந்தப் பாடத்தைப் படிக்கச் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாய்? எந்தப் பாட நேரத்தில் பயமாக இருக்கிறது? உன்ர சிநேகிதி இந்தப் பிரிவுக்குப் போகாவிட்டாலும் நீ போவாயா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரத் தாமதமாகலாம். காத்திருங்கள்.

இன்னொரு விடயம். பரீட்சை விண்ணப்பத்துக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இடப்பெயர்வில் பிறந்த சில பிள்ளைகளின் பதிவுகள் இன்னும் முறையாக இல்லை. பாடத்தைத் தெரிவு செய்யும் அதே வருடத்தில் இதையும் கிராம அலுவலரிடமும் பதிவாளரிடமும் பேசி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். கடைசி மாதத்தில் ஓடித் திரிய வேண்டாம்.

தாய்மார்களே, எமது பிள்ளைகள் அனைவரும் வைத்தியர்களாகவோ பொறியியலாளர்களாகவோ வரப் போவதில்லை. வரவும் தேவையில்லை. தாதியும் ஆசிரியையும், விவசாயப் போதனாசிரியரும், நல்ல மின் தொழினுட்பவியலாளரும் இந்த மண்ணுக்கு வேண்டியவர்களே. வேண்டாதது ஒன்றுதான்: மற்றவரின் ஆசைக்காகவோ, பஸ் வசதிக்காகவோ, வீட்டில் எவரும் கேள்வி கேட்காததாலோ ஒரு பிள்ளை தனக்குப் பொருந்தாத பாதையில் இரண்டு வருடங்களைத் தொலைப்பது. படிவத்தின் அடியில் உள்ள கோட்டில் உங்கள் பெயர்தான் எழுதப்படப் போகின்றது. அதற்கு மேலே எழுதப்பட்டிருக்கும் மூன்று பாடங்களும் எவை, ஏன் என்று பிள்ளை உங்களுக்கு ஒரு முறை விளக்கிச் சொல்லட்டும். விளங்கிய பின்னர் கையொப்பமிடுங்கள்.